கொட்டியாரத்துக் கைதியும் மடகாஸ்கர் கடலும்

திருகோணமலைத் துறைமுகத்துக்குத் தெற்கே விரிந்து கிடப்பது கொட்டியாரக்குடா. மலைநாட்டில் பிறந்து 335 கிலோமீற்றர் ஓடிவரும் மகாவலி கங்கை இந்தக் குடாவில்தான் கடலைச் சேர்கிறது. அதன் தென்கரை ஊர் மூதூர். இந்த அவையில் இருக்கும் மூத்தவர்கள் மூதூருக்கு லாஞ்சியில் போய்வந்தவர்கள். தரைவழியே போனவர்கள் கிண்ணியா, உப்பாறு, கங்கை, இறால்குழி என்று துறைக்குத் துறை இறங்கி, படகுப் பாதை வரும்வரை வெயிலில் காத்து நின்றவர்கள். 2009இல் 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் திறந்த பிறகு வளர்ந்த பிள்ளைகளுக்கு அந்தக் காத்திருப்பு கதையாகிவிட்டது.

மூதூரில் 1893இல் ஒரு கல் நட்டார்கள். அங்கே நின்ற மரத்தை வெள்ளைக்காரன் மரம் என்று குறித்து, 'ஆன்' என்ற கப்பலின் தலைவன் ரொபர்ட் நொக்ஸ் 1660இல் அதன் அடியில் பிடிபட்டதையும், கண்டி அரசன் அவனைப் பத்தொன்பது ஆண்டு பிடித்துவைத்திருந்ததையும் அந்தக் கல் சொல்கிறது. மரத்தடியில் பிடிபட்ட கப்பல் தலைவர் தந்தை. பத்தொன்பது ஆண்டு இருந்து மீண்டவர் மகன். இருவருக்கும் ஒரே பெயர். கல்லை மட்டும் வாசித்துவிட்டுப் போகிறவருக்கு இரண்டு வாழ்க்கை ஒன்றாகிவிடுகிறது. தந்தை அந்த மரத்தடியிலிருந்து நடத்திச் செல்லப்பட்டு ஓராண்டு நிறைவதற்குள் இறந்துபோனார்.

இளைய நொக்ஸ் 1641 பெப்ரவரி 8இல் லண்டனில் பிறந்தவர். 1658 ஜனவரியில் 'ஆன்' இங்கிலாந்திலிருந்து புறப்பட்டபோது அவருக்கு வயது பதினேழுகூட நிரம்பவில்லை. கப்பல் சென்னைப்பட்டினத்துக் கோட்டைக்கு வந்தது, கரையோரமாக வியாபாரம் செய்தது. 1659 நவம்பரில் மசூலிப்பட்டினத்தில் நங்கூரமிட்டிருந்தபோது புயல் அடித்தது. கப்பலைக் காப்பாற்ற நடுப் பாய்மரத்தை வெட்டிவிட வேண்டியதாயிற்று. புதிய மரம் வேண்டும், அதை ஊன்றி நிமிர்த்த அமைதியான நீர் வேண்டும். இரண்டும் கொட்டியாரத்தில் கிடைக்கும். சும்மா போகாமல் சீலைச் சரக்கும் ஏற்றிப் போகட்டும் என்று கம்பனி அதிகாரி உத்தரவிட்டார். சரக்குக்கு உரியவர்களான பரங்கிப்பேட்டை வணிகர்களும் அதே கப்பலில் வந்து கொட்டியாரத்தில் இறங்கினார்கள். ஆங்கிலக் கப்பல் புதிதாகக் கண்டுபிடித்த துறை அல்ல இது. சோழமண்டலக் கரைக்கும் கொட்டியாரத்துக்கும் இடையே ஓடிக்கொண்டிருந்த வியாபாரத்தில் அந்தக் கப்பலும் வந்து ஒட்டிக்கொண்டது, அவ்வளவுதான். நொக்ஸின் கதையைச் சொல்பவர்கள் இந்த வணிகர்களை முதல் பக்கத்திலேயே விட்டுவிடுவது வழக்கம்.

அப்போது கண்டியில் இரண்டாம் இராசசிங்கன் அரசன். 1635 முதல் 1687 வரை ஆண்டவர். போர்த்துக்கேயரை விரட்ட ஒல்லாந்தரைத் துணைக்கு அழைத்து, பிறகு அந்த ஒல்லாந்தரே கரையெங்கும் உட்கார்ந்துகொண்டதைப் பார்த்து வெந்து கிடந்தவர். அவருடைய கரையில் ஒரு வெளிநாட்டுக் கப்பல் வந்து வாரக்கணக்கில் நிற்கிறது. அரசனுக்கு ஓர் ஓலை இல்லை, ஒரு காணிக்கை இல்லை. அந்தக் குறைதான் தங்களுக்கு வினையாக முடிந்தது என்று நொக்ஸே பின்னாளில் எழுதினார். அரசன் மாகாண அதிபதியான திசாவை ஒருவரைப் படையோடு அனுப்பினார். 1660 ஏப்ரல் 4ஆம் திகதி, புளியமரத்தடியில் இருந்த கப்பல் தலைவரும் கூட இருந்த மாலுமிகளும் சுற்றி வளைக்கப்பட்டார்கள். காட்டுக்கு மரம் வெட்டப் போனவர்களும் அகப்பட்டார்கள். திசாவைக்குப் பரிசு கொண்டுபோயிருந்த மகனும் அகப்பட்டார்.

அடுத்து நடந்ததைச் சற்று நின்று பார்க்க வேண்டும். கப்பலைக் கரைக்குக் கொண்டுவரச் சொல்லி இளைய நொக்ஸைத் தூது அனுப்பினார்கள். அவர் கப்பலில் ஏறினார். எஞ்சியிருந்தவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள் என்று தந்தை சொன்ன இரகசியச் செய்தியைச் சேர்த்தார். அந்த நிமிடத்தில் அவர் கப்பலிலேயே நின்றிருக்கலாம். பத்தொன்பது வயதுப் பையன். எதிரே திறந்த கடல். திரும்பி வருகிறேன் என்று தந்தைக்குச் சொல்லியிருந்தபடியே கரைக்குத் திரும்பினார். கப்பல் கொஞ்ச நாள் நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டது.

இந்தக் கதையை வீரதீரக் கதையாகவே பெரும்பாலும் கேட்டிருப்பீர்கள்: பிடிபட்டார், தப்பினார், புத்தகம் எழுதினார். புத்தகத்தின் உண்மையான செல்வம் இரண்டு நாடகங்களுக்கும் இடையிலே கிடக்கிறது. அந்நிய நாட்டில் கையில் ஒன்றுமில்லாத ஓர் ஆள் அன்றாடம் எதைச் சாப்பிட்டார், எதை விற்றார், யாருக்குக் கடன் கொடுத்தார், எந்த வேலிக்குள் தூங்கினார் என்பதை இவ்வளவு நுணுக்கமாகச் சொல்லும் பழைய நூல் நம் தீவைப் பற்றி வேறில்லை என்றே சொல்லலாம்.

கைதிகளுக்குச் சிறைக்கூடம் கிடையாது. அரசன் அவர்களை ஊர் ஊராகப் பிரித்துவிட்டார். அந்தந்த ஊரார் முறைவைத்து அவர்களுக்குச் சோறு போட வேண்டும். விலை கேட்கக் கூடாது. தந்தையையும் மகனையும் குருநாகல் பக்கம் ஏழு கோரளையில் பண்டார கொஸ்வத்தை என்ற ஊரில் வைத்தார்கள். நாளுக்கு இருவேளை சோறு வந்தது. தொட்டுக்கொள்ளக் கீரை, உப்பு, எலுமிச்சை. ஊரில் விஷக்காய்ச்சல். இருவரும் படுத்தார்கள். 1661 பெப்ரவரி 9இல் தந்தை இறந்தார். பிணத்தைத் தூக்க ஆள் கேட்டபோது, மாடு கட்டும் கயிறு ஒன்றை ஊரார் அனுப்பினார்கள். கழுத்தில் கட்டிக் காட்டுக்கு இழுத்துக்கொண்டு போ என்பது அதன் பொருள். காய்ச்சலில் எலும்பும் தோலுமாய் இருந்த மகன் கூலிக்கு ஓர் ஆளைப் பிடித்துத் தந்தையை அடக்கம் செய்தார்.

அந்த வீட்டில் மூன்றாவது ஒருவனும் இருந்தான். கப்பல் தலைவர் தமக்குப் பணிசெய்யப் பரங்கிப்பேட்டையிலிருந்து கூட்டிவந்த பையன். நொக்ஸ் அவனைக் கறுத்தப் பையன் என்றே எழுதுகிறார். தன் நிறத்து மனிதர்கள் கையில் எசமான் கைதியாகிவிட்டதைப் பார்த்த பிறகு, அவன் தனக்குப் பிடித்த அளவுக்கு மட்டும் சொல் கேட்டான் என்கிறார் நொக்ஸ். இந்த வரி அவருக்கு ஒரு முறைப்பாடு. நமக்கோ அந்த நூலில் இருக்கும் மிக உயிருள்ள செய்திகளில் ஒன்று. சோழமண்டலக் கரையில் பிறந்த ஒரு சிறுவன், ஆங்கிலேயனுக்கு வேலைக்காரனாய்க் கடல் தாண்டி, கொட்டியாரத்தில் பிடிபட்டு, சிங்கள ஊர் ஒன்றில் தன் எசமானைப் புதிய கண்ணால் பார்க்கிறான். அவன் அதை எழுதியிருந்தால் அது எப்படிப்பட்ட புத்தகமாக இருந்திருக்கும்!

நொக்ஸிடம் இருந்தவை இரண்டு ஆங்கிலப் பக்தி நூல்கள். வயலோரங்களில் உட்கார்ந்து அவற்றையே திரும்பத் திரும்ப வாசித்து மனப்பாடம் செய்துவிட்டார். ஒருநாள் இந்தப் பையனோடு மீன்பிடித்துக்கொண்டிருந்தபோது ஒரு முதியவர் வந்து, போர்த்துக்கேயர் கொழும்பை இழந்த சமயத்தில் தமக்குக் கிடைத்த ஒரு புத்தகம் பற்றிப் பேச்செடுத்தார். அது ஆங்கில வேதாகமம். நொக்ஸ் துடித்தார். கையில் இருந்த ஒரே பொற்காசைக் கொடுக்கவும் தயாரானார். அவசரப்படாதே என்று தடுத்தது அந்தப் பையன்தான். கடைசியில் கையால் பின்னிய ஒரு தொப்பிக்கு வேதாகமம் கைமாறியது.

தொப்பிதான் அவருடைய முதல் தொழில். சக கைதி ஒருவரிடம் பின்னல் பழகினார். மூன்று பென்ஸ் பெறுமதியான நூலில் பின்னிய தொப்பி ஒன்பது பென்ஸுக்குப் போனது. சிதறிக் கிடந்த ஆங்கிலேயர் எல்லோருமே தொப்பி பின்னத் தொடங்கியதும் சந்தை நிரம்பி விலை விழுந்தது. நொக்ஸ் அதற்குள் அடுத்த வழியைப் பார்த்திருந்தார். சமைத்த சோற்றுக்குப் பதில் அரிசியாகத் தாருங்கள் என்று ஊராரிடம் வாதாடி வாங்கினார். மிச்சம் பிடித்தார், கோழி வளர்த்தார், பன்றி வளர்த்தார். பிறகு நெல்லைக் கடனுக்குக் கொடுக்கத் தொடங்கினார். நாட்டு வழக்கப்படி அறுவடையில் ஒன்றுக்கு ஒன்றரையாகத் திரும்பி வரும். ஆனால் அது தானாக வராது. கடன்பட்டவன் சூடு மிதிக்கும் நாளில் களத்துக்குப் போய்க் காவல் நிற்க வேண்டும். இல்லாவிட்டால் வேறு கடன்காரன் முந்திக்கொள்வான். மூதூர், தம்பலகாமம் வயற்காரருக்கு இந்தக் காட்சியை விளக்கத் தேவையில்லை.

1664 டிசம்பரில் நிலம்பையில் அரசனுக்கு எதிராகக் கலகம் எழுந்தது. அது அடங்கிய பின் கைதிகள் மீண்டும் இடம் மாற்றப்பட்டார்கள். அந்த அலைச்சலின் முடிவில் நொக்ஸ் கண்டிக்குத் தெற்கே எலதெத்த என்ற ஊரில் சொந்தமாக ஒரு துண்டுக் காணி வாங்கினார். விலை 25 லாரின் வெள்ளி, அதாவது ஐந்து டொலர். அந்த ஊராருக்கு அது பெரிய தொகை. தென்னை நட்டார், வீடு கட்டினார். தம்மைப் போல் மணமாகாத மூன்று ஆங்கிலேயரைச் சேர்த்துக்கொண்டு, பெண்வாசனையே இல்லாத குடித்தனம் நடத்துவது என்று உடன்படிக்கை செய்தார். இரண்டு பேர் பின்னர் அந்த ஊர்ப் பெண்களை மணந்து விலகிப் போனார்கள். ஸ்டீபன் ரட்லண்ட் என்பவர் மட்டும் கடைசிவரை நின்றார். அந்த ஆண்களின் வீட்டில் லூசியா என்ற சிறுமியும் வளர்ந்தாள். இன்னொரு ஆங்கிலக் கைதியின் மகள். தப்பிப் போனபோது நொக்ஸ் தம் காணியையும் வீட்டையும் அவளுக்கே விட்டுப் போனார்.

கண்டி இராச்சியம் அப்போது அந்நியர்கள் நிறைந்த நாடு. 'பேர்சியா மேர்ச்சண்ட்' என்ற கப்பல் மாலைதீவில் உடைந்து கரையேறிய ஆங்கிலேயர், நொக்ஸுக்கு முன்பே அங்கே இருந்தார்கள். ஒல்லாந்தர், போர்த்துக்கேயர் இருந்தார்கள். 1672இல் பிரெஞ்சுக்காரரும் சேர்ந்தார்கள். அவர்கள் வந்த வழி இந்தத் துறைமுகம். தளபதி த லா ஹே தலைமையில் பிரெஞ்சுக் கப்பற்படை மடகாஸ்கரின் ஃபோர் தொஃபான் துறையில் தங்கி, சூரத்துக்குப் போய், அங்கிருந்து திருகோணமலைக்கு வந்தது. இராசசிங்கனோடு உடன்பாடு பேச த லானறோல் என்ற தூதர் கண்டிக்குப் போனார். அரசன் அழைக்கும்வரை காத்திராமல் திரும்பிப் போனார் என்பது அவர்மீது வந்த குற்றம். அடியும் விலங்கும் கிடைத்தன. ஒல்லாந்தர் நெருக்கியதும் பிரெஞ்சுப் படை திருகோணமலையை விட்டு, அதே 1672இல் சென்னைக்குப் பக்கத்துச் சாந்தோமைப் பிடித்தது. தூதர் கண்டியிலேயே தங்கிப்போனார். அந்தப் பெயரைச் சுமக்கும் குடும்பங்கள் இன்றும் இலங்கையில் உண்டு.

ஆபிரிக்கரும் இருந்தார்கள். இராசசிங்கனுக்குத் தம் மக்கள்மீதே நம்பிக்கை குறைவு. ஆகவே தம் உடலுக்கு மிக அருகில், படுக்கையறை வாசலில், ஆபிரிக்கக் காவலரை நிறுத்தினார் என்று நொக்ஸ் எழுதுகிறார். போர்த்துக்கேயர் கிழக்கு, தெற்கு ஆபிரிக்கக் கரையிலிருந்து இந்துமாகடல் முழுவதும் அடிமைகளைக் கொண்டுவந்த காலம் அது. எலதெத்தையில் தொப்பி பின்னிய ஆங்கிலேயரும் கண்டி அரண்மனை வாசலில் ஈட்டியோடு நின்ற ஆபிரிக்கரும் ஒரே அரசனின் நிழலில், பிறந்த மண்ணுக்குத் திரும்பும் வழியில்லாமல் வாழ்ந்தவர்கள். இந்த இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். கதை இங்கே திரும்பி வரத்தான் போகிறது.

எலதெத்தைக்கு வந்த பிறகு நொக்ஸ் ஊர் சுற்றினார். அவரும் ரட்லண்டும் பொட்டணி வியாபாரிகள் ஆனார்கள். புகையிலை, மிளகு, உள்ளி, சீப்பு, இரும்புச் சாமான் எல்லாம் மூட்டையில். நோக்கம் வியாபாரம் மட்டுமல்ல. வடக்கே தாழ்நிலத்தின் வழியாகத்தான் ஒல்லாந்தர் கரையை எட்ட முடியும். அந்த வழியைப் பழக வேண்டும். ஒவ்வொரு பயணத்திலும் இன்னும் கொஞ்சம் வடக்கே போனார்கள், ஊராருக்கு முகப்பழக்கம் ஆனார்கள். காய்ச்சல் நாட்டில் கெட்ட தண்ணீர் குடித்துப் படுத்தவர்கள், பிறகு உலர்ந்த கஞ்சா இலையை வெல்லத்தோடு சேர்த்துக் காலையும் மாலையும் தின்னப் பழகி அந்தத் தண்ணீரைச் சமாளித்தார்கள். சில ஆண்டுகள் மழையே இல்லை. வழிநடையில் குடிநீர் இல்லாமல் பயணம் தள்ளிப்போனது.

1679 செப்டெம்பர் 22இல் கடைசியாகப் புறப்பட்டார்கள். அனுராதபுரம் வரை வியாபாரிகளாகவே போனார்கள். பிறகு மல்வத்து ஓயாவின் கரையைப் பிடித்துக்கொண்டு காட்டில் இறங்கினார்கள். முள்ளுக்கு மான்தோலில் செருப்பு, யானைக்குத் தீ. பகலில் நடை, இரவில் ஆற்றங்கரையில் படுக்கை. சிங்கள ஊர்கள் முடிந்து தமிழ் ஊர்கள் தொடங்கியதும் அவர்களுக்குப் பேச்சு போய்விட்டது. இத்தனை ஆண்டு பழகிய சிங்களம் இங்கே உதவவில்லை. கண்டிக்கும் அடங்காமல், ஒல்லாந்தருக்குத் திறை மட்டும் கொடுத்துக்கொண்டு வன்னியை ஆண்டவரின் நாடு அது. நொக்ஸின் நூலோடு வந்த வரைபடத்தில் தீவின் வடபாகத்தில் அந்த நாடு அவர் பெயராலேயே குறிக்கப்பட்டிருக்கிறது. ஆங்கில எழுத்தில் உருத்திரிந்து கிடக்கும் அந்தப் பெயரைக் கயிலை வன்னியன் என்று வரலாற்றாசிரியர்கள் அடையாளம் காண்கிறார்கள். 17ஆம் நூற்றாண்டில் லண்டனில் அச்சான ஒரு வரைபடத்தில் ஒரு வன்னியரின் நாடு தனி எல்லையோடு நிற்பது தமிழ் வாசகர் அறிந்திருக்க வேண்டிய செய்தி. அக்டோபர் 18இல் இருவரும் மன்னாருக்குத் தெற்கே அரிப்பில் இருந்த ஒல்லாந்தர் கோட்டை வாசலில் நின்றார்கள். பத்தொன்பது வயதில் பிடிபட்டவருக்கு அப்போது வயது 38.

மன்னார், கொழும்பு, பத்தாவியா, பாந்தம் வழியாக 1680 செப்டெம்பரில் நொக்ஸ் இங்கிலாந்து சேர்ந்தார். மறு ஆண்டே, 1681இல், இலங்கைத் தீவைப் பற்றிய அவருடைய வரலாற்று நூல் லண்டனில் வெளியானது. ரோயல் சொசைட்டியின் விஞ்ஞானி ரொபர்ட் ஹூக் உடனிருந்து உதவி, முன்னுரையும் எழுதினார். புனித பவுல் பேராலயத்தைக் கட்டிய கிறிஸ்தோபர் ரென் பரிந்துரை தந்தார். ஒல்லாந்து, ஜெர்மன், பிரெஞ்சு மொழிகளுக்கும் அது போனது. கப்பலில் வளர்ந்து, பள்ளிப்படிப்பு குறைந்த ஒரு மாலுமியின் கண்ணுக்கு இவ்வளவும் தெரிந்ததே என்று வியக்கத் தோன்றும். ஒரே ஓலை பதினைந்து இருபது பேரை மழையிலிருந்து காக்கும் தாளிப்பனை, எறும்புகளின் வகைகள், உழவு, சமையல், வழக்குத் தீர்க்கும் முறை என எல்லாம் அதில் உண்டு. 1689 டிசம்பரில் ஹூக் ரோயல் சொசைட்டியில் கஞ்சாவைப் பற்றிப் பேசினார். அந்தச் செடியின் குணத்தை அவருக்குச் சொன்னவர் வழிநடையில் அதைத் தின்று பிழைத்த நொக்ஸ்.

மீண்டவருக்குக் கிழக்கிந்தியக் கம்பனி ஒரு கப்பல் கொடுத்தது: 'டொங்கின் மேர்ச்சண்ட்'. முதல் பயணம் வியட்நாமின் டொங்கினுக்கு. இரண்டாவது பயணம் 1684இல். அதன் இலக்கு மடகாஸ்கர். அங்கே அடிமைகளை வாங்கி, தென் அத்திலாந்திக்கில் தனித்துக் கிடக்கும் சென்ற் ஹெலீனாத் தீவுக்குக் கொண்டுபோக வேண்டும். அங்கே கம்பனியின் தோட்டங்களுக்கு உழைக்க ஆள் வேண்டியிருந்தது. நொக்ஸ் போனார்.

இந்தச் சொற்பொழிவின் கனம் இந்தப் பயணத்தில்தான் இருக்கிறது. பத்தொன்பது ஆண்டு தம் விருப்பமில்லாமல் அந்நிய மண்ணில் இருந்தவர். தந்தையை மாட்டுக்கயிற்றில் கட்டி இழு என்று சொல்லக் கேட்டவர். ஒருநாளும் வீட்டை மறக்காதவர். அவர் மடகாஸ்கர் கரையில் நங்கூரமிட்டு, இன்னொருவரின் தந்தையையும் மகனையும் விலைபேசினார். கண்டியில் அரசன் அவரை விற்கவில்லை. விலங்கு பூட்டவில்லை. காணி வாங்க விட்டார், வியாபாரம் செய்ய விட்டார். நொக்ஸின் கப்பலில் ஏற்றப்பட்டவர்களுக்கு இவற்றில் ஒன்றும் கிடைக்கவில்லை. அக்காலத்து ஆங்கிலேயர் எல்லோரும் அப்படித்தான் என்று சொல்வார்கள். அது காலத்தைப் பற்றிச் சொல்லும் பதில். அடிமைத்தனத்தின் ருசியை உள்ளிருந்து அறிந்த இந்த ஒரு மனிதரிடம் கேட்க வேண்டிய கேள்விக்கு அது பதில் ஆகாது. கண்டி அரசன் வாசலில் ஆபிரிக்கரைக் கண்டவர் அவர். அவர்களும் தம்மைப் போல் ஊரிழந்தவர்கள் என்று அவருக்கு எண்ணம் ஓடியிருந்தால், அந்த எண்ணம் 1684இல் கப்பலைத் திருப்பும் அளவுக்கு வலுவாக இருக்கவில்லை.

சென்ற் ஹெலீனாவில் அவர் கரையில் இருந்த சமயம் கப்பல்காரர்கள் கலகம் செய்து கப்பலைக் கொண்டு போய்விட்டார்கள். இரண்டாம் முறையாக ஒரு கரையில் கைவிடப்பட்டு நின்றார் நொக்ஸ். இம்முறை வேறு கப்பல் ஏறி ஊர் சேர முடிந்தது.

தென்னாபிரிக்கக் கடலும் நம் கடலும் அக்காலத்தில் எவ்வளவு நெருங்கிக் கிடந்தன என்பதற்கு நன்னம்பிக்கை முனையின் பழைய ஏடுகளும் சாட்சி. 1652இல் யான் வான் ரீபேக் அங்கே ஒல்லாந்துக் கம்பனியின் குடியேற்றத்தைத் தொடங்கினார். கேப் குடியேற்றத்துக்கு அடிமைகள் மடகாஸ்கரிலிருந்தும் மொசாம்பிக்கிலிருந்தும் வந்தார்கள்; வங்காளம், சோழமண்டலக் கரை, இலங்கை ஆகிய இடங்களிலிருந்தும் வந்தார்கள். எசமான் வைத்த ஒரு பெயர், அதன் பின்னால் வந்த ஊரின் பெயர். ஏட்டில் இவ்வளவுதான் அவர்களுக்கு இடம். 'சிலோனிலிருந்து', 'கோரமண்டலிலிருந்து' என்ற ஒட்டுகளோடு கேப் நகரின் பதிவுகளில் நிற்கிறவர்களில் தமிழ் பேசியவர்கள் இருந்திருப்பார்கள். பரங்கிப்பேட்டைப் பையனின் வயதொத்தவர்களும் இருந்திருப்பார்கள். தென்னாபிரிக்காவில் தமிழர் வரலாறு என்றால் 1860 நவம்பரில் சென்னையிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு டர்பன் சேர்ந்த 'ட்ரூரோ' கப்பலிலிருந்து தொடங்குவது வழக்கமாகிவிட்டது. அதற்கு இருநூறு ஆண்டு முன்பே அந்த மண்ணில் அடுப்பு மூட்டியவர்களை அந்தத் தொடக்கம் விட்டுவிடுகிறது.

எதிர்த் திசையில் வந்தவர்கள் நம்மோடே இருக்கிறார்கள். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், பிரித்தானியர் மூவரும் ஆபிரிக்கரை இத்தீவுக்குக் கொண்டுவந்தார்கள். பிரித்தானியரின் இலங்கைப் படையணி ஒன்றில் மொசாம்பிக்கிலிருந்து வாங்கப்பட்டவர்கள் போர்வீரராய் நின்றார்கள். புத்தளத்துக்கு அருகே சிறாம்பியடியில் அவர்களின் வழிவந்தவர்கள் போர்த்துக்கேயக் கிரியோலில் மஞ்சாப் பாடல்களை இன்றும் பாடுகிறார்கள். திருகோணமலையிலும், அதே கிரியோலைப் பேசிய பறங்கியரோடு ஆபிரிக்க வழிவந்தோர் கலந்து வாழ்ந்துவந்திருக்கிறார்கள். பறங்கியர் கலியாண வீடுகளில் ஆடும் கப்பிரிஞ்ஞா அந்த இரண்டு கூட்டங்களும் அடுத்தடுத்து வாழ்ந்ததன் பேறு. திருகோணமலைப் பிள்ளைகள் கோணேசர் கோயிலின் வரலாற்றைப் படிக்கிறார்கள், பிரெட்ரிக் கோட்டையின் வரலாற்றைப் படிக்கிறார்கள். இந்தக் குடும்பங்களின் வரலாறும் அதே பாடத்தில் வர வேண்டும்.

டானியல் டிஃபோ நொக்ஸை வாசித்தவர். 1719இல் வந்த ராபின்சன் குரூசோவுக்கு அந்தக் கைதியின் வாழ்க்கையும் ஊற்றாக இருந்தது என்று ஆய்வாளர் சொல்வதுண்டு. அடுத்த ஆண்டு அவர் எழுதிய கப்டன் சிங்கிள்டன் நாவலில் சந்தேகத்துக்கே இடமில்லை. அதன் நாயகன் மடகாஸ்கரில் கைவிடப்பட்டு, எதிர்க்கரைக்குப் போய், ஆபிரிக்காவைக் கிழக்கிலிருந்து மேற்காக நடந்தே கடக்கிறான். பிறகு கடற்கொள்ளையனாகி இந்துமாகடலுக்கு வந்து இலங்கைக் கரையைத் தொடும்போது நொக்ஸின் கதை பெயரோடு சொல்லப்படுகிறது. ஆக, கொட்டியாரமும் மடகாஸ்கரும் ஒரே அட்டைக்குள் ஒருமுறை சந்தித்திருக்கின்றன, ஒரு கற்பனைக் கதையில். அந்த நாவல் வந்த 1720இலேயே, ஜூன் 19இல், நொக்ஸ் இறந்தார். மணம் செய்யவில்லை.

இறப்பதற்கு முன் பல ஆண்டுகள் அவர் ஒரு வேலை செய்துகொண்டிருந்தார். தம் அச்சுப் புத்தகத்தின் ஒரு படியில் வெற்றுத்தாள்களை இடையிடையே சேர்த்துக் கட்டி, நினைவில் வந்ததையெல்லாம் அவற்றில் எழுதினார். இலங்கையைப் பற்றிய புதிய குறிப்புகள், தம் வாழ்க்கை, பிந்திய கப்பற் பயணங்கள். அந்தக் கையெழுத்துப் படி ஒக்ஸ்போர்டின் பொட்லியன் நூலகத்தில் கிடைத்தது. ஜேம்ஸ் ரையன் 1911இல் அதைச் சேர்த்து முழுப் பதிப்பாக வெளியிட்டார். 1681 நூலை மட்டும் வாசிப்பவருக்குக் கைதி நொக்ஸ் கிடைப்பார். அடிமைக்கப்பல் நொக்ஸ் கிடைக்க 1911 பதிப்பு வேண்டும்.

மூதூர்ப் பள்ளி நூலகங்களில் இருக்க வேண்டியது இந்த இரண்டாவது புத்தகம், தமிழில், அந்த வரைபடத்தோடு. மாவட்டத்து ஆசிரியர்கள் நாலைந்து பேர் சேர்ந்தால் முடிகிற வேலை. பதிப்புரிமைத் தடை எதுவும் இல்லாத பழைய நூல். மகாவலி முகத்துவாரத்தையும், மல்வத்து ஓயாவையும், நெற்களத்துக் கடன் வழக்கையும் சொந்தமாக அறிந்தவர்கள் மொழிபெயர்த்தால் 1911ஆம் ஆண்டுப் பதிப்பாளருக்குப் புரியாத இடங்கள்கூடத் தெளிவாகும். மூதூரில் 1893ஆம் ஆண்டுக் கல்லின் பக்கத்தில் ஒரு பலகையும் வைக்கலாம். பரங்கிப்பேட்டை வணிகர்கள் சீலைப் பொதிகளோடு இறங்கிய கரை இது, அவர்கள் ஊர்ப் பையன் ஒருவனும் இங்கே பிடிபட்டான், தந்தையும் மகனுமாக நொக்ஸ் என்ற பெயரில் இருவர் பிடிபட்டார்கள், இளையவர் 1684இல் மடகாஸ்கரில் மனிதரை வாங்கப் போனார் என்று மூன்று மொழியிலும் அதில் எழுதலாம்.